சாலை போடப் பணம் இருக்கிறது, காப்பாற்ற இல்லை

புதுச் சாலைக்கு அடிக்கல் நாட்டினால் மேடை போடுகிறார்கள். மழைக்கு முன்னால் சாலையோர வடிகாலைத் தூர்வாரியதற்கு யாரும் மேடை போட்டு நான் பார்த்ததில்லை. அரசுகள் சாலைக்கும் போக்குவரத்துக்கும் ஒதுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்பதை ரொம்ப நாளாகப் படித்துவருகிறேன். இருக்கிற சாலையையும் பாலத்தையும் காப்பதற்கான பணத்தை முதலில் தனியாக எடுத்துவைக்க வேண்டும், மீதியில்தான் புதியது என்பது என் உறுதியான கருத்து. நடப்பதோ தலைகீழ்.

சாலை ஒரே நாளில் கெட்டுவிடாது. தாரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு வரும். அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்கும். அடியில் இருக்கும் ஜல்லியும் மண்ணும் ஊறினால் தாங்கும் வலு போய்விடும். அப்புறம் லாரி ஏற ஏறப் பள்ளம்தான். வெடிப்பாக இருக்கும்போதே அடைத்திருந்தால் சின்னச் செலவு. அடித்தளம் போய்விட்டால் தோண்டியெடுத்து முதலிலிருந்து போட வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஈரப் பள்ளத்தில் தார்க்கலவையைக் கொட்டி அமுக்கும் ‘பேட்ச் ஒர்க்’ அடுத்த மழைக்கு நிற்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

எடைக் கணக்கு இன்னும் கவனிக்கப்பட வேண்டியது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை தனிப் பாதைகள் அமைத்து, ராணுவ ஓட்டுநர்களை வைத்து லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். சக்கர அச்சின் மீது விழும் எடை கூடினால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று அதில் தெரியவந்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 20 விழுக்காடு அதிகமாக ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகிவிடும். அதிக பாரம் ஏற்றுவதைக் கண்டும் காணாமல் விடுகிற ஒவ்வொரு எடைமேடையும் அரசுப் பணத்தைத்தான் கரைக்கிறது.

உலக வங்கியின் 1994ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. அதற்கு முந்தைய பத்தாண்டில் ஆப்பிரிக்காவில் 1,200 கோடி டாலரை உரிய நேரத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், சாலைகளைத் திரும்பப் போடும் 4,500 கோடி டாலர் செலவு மிச்சமாகியிருக்கும். ஏழை நாடுகளின் பணம் அது!

தெரிந்தே ஏன் இப்படி நடக்கிறது? பாதிக் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. புதுச் சாலை மூலதனச் செலவு. அதற்குக் கடன் கிடைக்கும், சொத்து என்று எழுதிக்கொள்ளலாம். பராமரிப்பு பெரும்பாலும் அன்றாடச் செலவில் போய் விழுகிறது. பற்றாக்குறை வந்தால் முதல் வெட்டு அதற்குத்தான். இந்த ஆண்டு வெட்டினால் இந்த ஆண்டே சாலை உடையாது. அந்தச் சுமை அடுத்து வருகிறவர்கள் தலையில் விழும்.

இன்னொரு காரணம் வரவு. எரிபொருள் வரியைச் சாலைக்கென்று ஒதுக்கிவைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. தார், கூலி எல்லாம் ஏறிவிட்டன. 2008 முதல் பொதுக் கஜானாவிலிருந்து பணம் எடுத்துத்தான் இந்த வரி போய்ச் சேரும் சாலை நிதியை ஓட்டுகிறார்கள். மின்சார வண்டிகள் பெருகினால் இந்த வரவு எங்கேயும் குறையத்தான் செய்யும். நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் ஓடும் தூரத்துக்கும் வண்டியின் எடைக்கும் ஏற்பக் கட்டணம் வாங்குகிறார்கள். சேதப்படுத்துகிறவர் அதற்கேற்பத் தருகிற இந்த முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

சாலை கெட்டால் முதலில் நிற்பது பேருந்துதான். ஸ்பிரிங் பட்டை உடைகிறது, டயர் போகிறது, ஒரு நடைக்கு ஆகும் நேரம் கூடுகிறது. வருமானம் குறைந்த தடம் என்று நிறுத்திவிடுகிறார்கள். சின்னப் பாலம் வலுவிழந்து கனரக வண்டிக்குத் தடை போட்டாலும் இதே கதி. கார் வைத்திருப்பவர் சுற்றிப் போய்விடுவார். பள்ளிப் பிள்ளையும், மருத்துவமனைக்குப் போக வேண்டிய முதியவரும் என்ன செய்வார்கள்? ஆகவே சாலைத் திட்டமும் பேருந்துத் திட்டமும் வேறு வேறு அலுவலகங்களில் ஒன்றையொன்று பார்க்காமல் தயாராவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பேருந்து ஓடும் தடங்களுக்குப் பராமரிப்பில் முதலிடம் தர வேண்டும்.

இனி எந்தச் சாலையை அறிவித்தாலும், கட்டும் செலவுக்குப் பக்கத்திலேயே அடுத்த 20 ஆண்டுக்கான பராமரிப்புச் செலவையும் அது எந்த நிதியிலிருந்து வரும் என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்போம். அந்த இடம் காலியாக இருந்தால் டெண்டர் விடக்கூடாது.