பத்து மணிக்குத் தள்ளிய படகு

கரீபியக் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவில் திருக்கை மீன்கள் கூடும் மணல்திட்டுக்கு, கூட்டத்தைத் தவிர்க்க, கப்பல் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். எந்த நாளில் எந்தச் சொகுசுக் கப்பல் என்று துறைமுக ஆணையமே வெளியிடுகிறது. நானும் பார்த்துத்தான் காலை 7 மணிப் படகுக்குப் பணம் கட்டினேன். முந்தின இரவு படகுக்காரர்களிடமிருந்து செய்தி வருகிறது: "10 மணிக்கு வாருங்கள்." அன்று மூன்று கப்பல்! இடுப்பளவுத் தண்ணீரில் திருவிழாக் கூட்டம். மணல் கலங்கி, நீச்சல் கண்ணாடி வழியே வெறும் வெள்ளைதான் தெரிந்தது. மீனவர்கள் வீசிய மீன்கழிவுக்கு வந்து பழகிய சாதுவான உயிர்கள் இந்தத் திருக்கைகள். தண்ணீருக்கு மேலே தூக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, ஆனாலும் படத்துக்காகப் பயணிகள் தூக்கினார்கள். வயிறு எரிந்தது. சரி, கப்பல்கள் கிளம்பிய பிறகு சாயங்காலமாவது கூட்டிப் போங்கள் என்றால், படகு இல்லையாம்.