ஊரின் எழுத்து மாறினால் பிள்ளை ஏன் அலைய வேண்டும்?

கே, ஐ, இ, வி என்று எழுதினாலும் கே, ஒய், ஐ, வி என்று எழுதினாலும் அது ஒரே ஊர்தான். உக்ரைனின் தலைநகர் கீவ். இதை ஓர் அலுவலகத்துக்குப் புரியவைக்க முடியாமல், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ் ஏறி ஏறி அலுத்துவிட்டது.

என் அக்காள் மகன் அங்கே மருத்துவம் படித்தவன். ஆரம்பத்தில் கொடுத்த சான்றில் பழைய எழுத்து, பட்டத்தில் புதிய எழுத்து. கவுண்ட்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, அந்த ஒய்யின் மேல் பேனாவால் தட்டினார். "இரண்டும் ஒரே ஊர் என்று அங்கிருந்து எழுதி வாங்கி வாருங்கள்" என்றார். குண்டு விழுகிற ஊருக்குப் போயா?

பழைய எழுத்து ரஷ்ய உச்சரிப்பை ஒட்டியது, புதியது உக்ரேனிய மொழிக்குரியது. உக்ரைன் 1995-லேயே முடிவு செய்துவிட்டது. அமெரிக்க அரசின் இடப்பெயர் வாரியம் 2019-ல்தான் பழையதைக் கைவிட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் இரண்டும் புழங்கின. தன் ஊரைத் தன் மொழிப்படி எழுதச் சொல்ல அந்த மக்களுக்கு முழு உரிமை உண்டு, அதில் எனக்கு ஒரு சொல் குறை இல்லை. என் ஆத்திரமெல்லாம் இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான்.

கேட்பவர் எந்த ஊர்க்காரர்? பாலக்காட்டுக்காரர்! பால்காட் என்று வெள்ளைக்காரன் எழுதியதை மாற்றிய ஊர். டிரிவாண்ட்ரம் 1991-ல் திருவனந்தபுரம் ஆனது. குயிலான் கொல்லமானது. இங்கே எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் அப்பாவின் பத்திரத்தில் ஓர் எழுத்து, மகனின் பத்திரத்தில் வேறு எழுத்து. ரயில்வே இன்றும் பாலக்காடு சந்திப்புக்கு பி.ஜி.டி. என்ற பழைய குறியீட்டையே வைத்திருக்கிறது, டிக்கெட் ஒழுங்காகத்தான் வருகிறது. பீக்கிங்கைப் பெய்ஜிங் என்று எழுதும்படி சீனா 1979-லேயே உலகத்தைக் கேட்டுக்கொண்டது. விமான நிலையக் குறியீடு இன்னும் பி.இ.கே.தான். எந்த விமானமாவது வழி தவறியதா?

ஆளின் பெயர் இரண்டு விதமாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசர் சான்று தருகிறார். கீவ் நகரத்துக்கு எந்த வில்லேஜ் ஆபீசர் தருவார்? நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்தோம். அதுவும் போதாதாம். ஆறு வருடம் படித்த பிள்ளை வேலைக்குப் போக வழியின்றி வீட்டில் இருக்கிறான்.

பெயர் மாறிய ஊர்களின் பட்டியலை, பழையதும் புதியதும் சேர்த்து, அந்தக் கணினியில் ஏற்றுங்கள். அது உங்கள் வேலை, எங்களுடையது அல்ல.