சுகர் இல்லாதவருக்குச் சுகர் மாத்திரை

போன மாதம் ஒரு நாள் காலையில் என் மருந்துக் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தித் திரும்புவதற்குள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் அப்பத்தா ஒருவர் கவுன்டரில் ஒரு மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டார். "தம்பி, எனக்கு ஏது சுகரு? இது சுகர் மாத்திரையாம்ல. பேரன் போன்ல பாத்துச் சொன்னான். நிப்பாட்டி இருவது நாளாச்சு." அட்டையில் இருந்தது டாபாக்ளிஃப்ளோசின். பத்தில் எட்டு அப்படியே இருந்தது.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். இதயத்தின் பம்பிங் குறைவு, கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கிற கோளாறு. "கையக் குடுங்க அப்பத்தா" என்று நாடியைப் பிடித்தால், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இரண்டு சேர்ந்தாற்போல, ஒரு இடைவெளி, அப்புறம் மூன்று. டாக்டர் தப்பாக எழுதவில்லை. சர்க்கரைக்கென்று வந்த மாத்திரைதான், ஆனால் பம்பிங் குறைந்தவர்களுக்குச் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உதவுகிறது என்று 2019ல் ஒரு பெரிய சோதனை காட்டியது. துடிப்புக் கோளாறிலும் ஒரு தடயம் உண்டு. 17,160 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த இன்னொரு சோதனையின் கணக்கைப் பிற்பாடு புரட்டிப் பார்த்தபோது, இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு 19 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்காக நடந்த சோதனை இல்லை என்பதால் தடயம் என்றுதான் சொல்ல முடியும், தீர்ப்பு என்று சொல்ல முடியாது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. துடிப்பைச் சீராக்கும் மருந்துகளில் பல வேறு வேலைக்கு வந்து இங்கே மாட்டிக்கொண்டவைதான். 1912ல் வெங்கபாக் என்ற டச்சு மருத்துவரிடம் ஒரு வியாபாரி வந்து, என் துடிப்பை நானே சரிசெய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றாராம். மனிதர் சாப்பிட்டது மலேரியாவுக்கான கொய்னா. அதன் பங்காளியான குயினிடின்தான் அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 1918ல் பெர்லினில் ஃப்ரே கண்டுபிடித்தார். பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த லிடோகெயின் பின்னாளில் ஐசியூவில் துடிப்பை அடக்கப் போனது. அமியோடரோன் 1960களில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காகச் செய்தது. இன்று துடிப்புக்கு அதுதான் கைகண்ட மருந்து, ஆனால் அயோடின் நிறைந்தது, தைராய்டையும் நுரையீரலையும் பதம் பார்க்கும், உடம்பை விட்டுப் போக வாரக் கணக்கு, மாதக் கணக்கு ஆகும். நைந்துபோன பழைய சீட்டை நீட்டி இதைக் கேட்பவர்களிடம் கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தீர்கள் என்று கேட்டால் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

என் கோபம் வேறு இடத்தில். பழைய மருந்துக்கு ஆதரவாகப் பேச ஆள் கிடையாது. காப்புரிமை முடிந்து விலை இறங்கிய மறுநாளே கம்பெனிக்கு அதன்மேல் ஆசை போய்விடுகிறது. 2025 மார்ச்சில், அப்பத்தாவின் மாத்திரைக்குப் பங்காளியான எம்பாக்ளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்ததும், அறுபது ரூபாய் வரை விற்ற மாத்திரை பதினைந்து ரூபாய்க்குள் வந்ததை என் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன். ஜனங்களுக்கு நல்லது, சந்தோஷம். ஆனால் இனி அதைத் துடிப்புக் கோளாறுக்கென்று கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதிக்க யாருக்கு என்ன தலையெழுத்து? குயினிடின் கதை இதைவிட மோசம். ப்ருகாடா என்று ஒரு பிறவித் துடிப்புக் கோளாறு, ஆரோக்கியமாக இருப்பவர்கூடத் தூக்கத்திலேயே போய்விடலாம், அதற்கு உதவும் மிகச் சில மருந்துகளில் இது ஒன்று. 2013ல் வந்த ஓர் ஆய்வு 131 நாடுகளில் விசாரித்ததில், எளிதாகக் கிடைத்தது 19 நாடுகளில் மட்டும். மருந்து இருக்கிறது, பலன் தெரியும், செய்து விற்றால் லாபம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் இந்தச் சோதனைகளை அரசாங்கப் பணத்தில்தான் நடத்த வேண்டும் என்கிறேன். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். நினைத்தால் முடியும். நம் பெரியாஸ்பத்திரி இதய நோய்ப் பிரிவுக்கு வெளியே ஒரு திங்கட்கிழமை காலையில் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்கள் நோயாளிகளுக்குப் பஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள்.

சோதனையில் தோற்றாலும் அது லாபம்தான். எங்கள் மாமா ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு போடுகிறார், நம் மாநில மலர் செங்காந்தள்தான் அது. காலையில் வெயில் ஏறுவதற்குள் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும், அந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் ஒவ்வொரு வருஷமும் புலம்புவார். அந்த விதையிலிருந்து எடுக்கிற கால்ச்சிசின் கீல்வாதத்துக்கு வெகுகாலமாக இருக்கும் மருந்து. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் துடிப்புக் கோளாறையும் அது தடுக்கும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. கனடாக்காரர்கள் தலைமையில் 11 நாடுகளில், நெஞ்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட (இதயத்தில் அல்ல) 3,209 பேரிடம் சோதித்து 2023ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்குக் கோளாறு வந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 7.5 சதவீதம். பலன் என்று சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது. மாமாவிடம் சொன்னேன், "வெல ஏறுமா எறங்குமா, அத மட்டும் சொல்லு மாப்ள" என்றார்.

இதைப் படித்துவிட்டு யாரும் கடைக்கு வந்து "அண்ணே, அந்த மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்காதீர்கள், தர மாட்டேன். கொரோனா நேரத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு என் கடை முன்னால் நடந்த தள்ளுமுள்ளு இன்னும் மறக்கவில்லை. அதுவும் பழைய மலேரியா மருந்துதான், ஆனால் சிலருக்குத் துடிப்பையே கெடுக்கக்கூடியது.

சரி, அப்பத்தா. டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், அவரே பேசி மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். போனை வைத்த பிறகும் அப்பத்தாவுக்கு மனசு ஆறவில்லை. "பேரன் திரும்பப் பிடுங்கி வச்சுக்குவான் தம்பி, இது சுகருக்கு இல்லேன்னு எழுதிக் குடு" என்றார். காக்கிக் கவரில் பெரிய எழுத்தில் எழுதினேன்: நெஞ்சுக்கு, காலை 1. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.