சபாஷுக்கு ஒரு கமர்கட்டு

(ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி வீட்டுக்கு அக்கா வந்திருக்கிறாள். டிவியில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’. பத்மினி ஆடிக்கொண்டிருக்கிறார்.)

அக்கா: டேய், சத்தத்தைக் கூட்டு. ‘கண்ணும் கண்ணும் கலந்து’!

தம்பி: கூட்டினா உன் காலு சும்மா இருக்காது. போன மாசம்தான் முட்டிக்கு ஊசி போட்டிருக்கே.

அக்கா: ஆடுறது என் காலு, உனக்கென்ன? 1958ல வந்த படம். நாம பொறக்கவே இல்ல. இன்னிக்கும் அந்தச் சுழற்சியைப் பாரு!

தம்பி: நாம பார்த்தது கீத்துக் கொட்டகையில. எனக்கு முன்னாடி இருந்தவரு முண்டாசை அவுக்கவே இல்ல. மணலைக் குவிச்சு ஏறி உக்காந்தா, பின்னாடி இருந்தவரு காலால சரிச்சு விட்டாரு. பத்மினியைக் கழுத்துக்கு மேலதான் பார்த்தேன். காலை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.

அக்கா: அதான் நாங்க வீட்டு முற்றத்துல ஆடினப்போ உனக்குத் தாளம் தப்பினது தெரியல. சோடா மூடியைத் தட்டி, ஆணியால ஓட்டை போட்டு, சணல்ல கோத்த சலங்கை. கணுக்கால் பூரா கீறல்.

தம்பி: எனக்குக் கரியில மீசை. உரல் மேல நிக்க வச்சு, நான் வில்லன் பி.எஸ்.வீரப்பாவாம்!

அக்கா: ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நான் பத்மினி, அத்தை மக வைஜெயந்திமாலா. படத்துல வைஜெயந்திமாலா போட்டிக்கு வந்து நிக்கிறப்போ வீரப்பா ‘சபாஷ்! சரியான போட்டி!’ன்னு சொல்வாரு. ஒரே ஒரு தடவை. நீ ஏன்டா ஏழு தடவை சொன்னே? அதுவும் அத்தை மக ஆடறப்போ மட்டும்?

தம்பி: (தலையைச் சொறிந்து) கமர்கட்டுக்கா.

அக்கா: என்னது?

தம்பி: சபாஷுக்கு ஒண்ணுன்னு பேச்சு. கடைசி சபாஷ் ‘சவாஷ்’னு வந்துச்சே, வாய் நிறைய கமர்கட்டு.

அக்கா: அடப்பாவி! லஞ்சம் வாங்கினதும் இல்லாம, அவளையே கட்டிக்கிட்டு...

தம்பி: மெதுவாக்கா! அடுக்களையில காபி போட்டுக்கிட்டிருக்கா.

(டிவியில் கதாநாயகன் ஜெமினி கணேசன் வேலையால் விளக்கு போய், யார் ஜெயித்தார் என்று தெரியாமலே போட்டி நிற்கிறது.)

தம்பி: இதே மாதிரிதான் நம்ம முற்றத்துல அரிக்கேன் விளக்கு உருண்டுச்சு! சிம்னி தூள்தூள். ஜெமினி கணேசன் வேலையும் நான்தான் பார்த்தேன்னு அம்மா விசிறிக்காம்பால வெளுத்தாங்க. சிம்னிக் காசும் என் உண்டியல்ல இருந்துதான் போச்சு. எப்படி உருண்டுச்சுன்னு இன்னிவரைக்கும் புரியல.

அக்கா: (முறுக்கைக் கடித்தபடி) காத்து.

தம்பி: காத்தா? அன்னிக்கு இலைகூட அசையலையே.

அக்கா: சரிடா. என் தாவணி நுனி.

தம்பி: பட்டுடுச்சா?

அக்கா: பட வச்சேன். எனக்கு மூச்சு வாங்குது, அவ இப்பத்தான் தூங்கி எழுந்தவ மாதிரி தெளிவா நிக்கிறா. நான் வேற என்ன பண்றது?

தம்பி: அப்போ அவதான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தாளா!

அக்கா: கத்தாதடா! அவகிட்ட சொல்லிடுவியா?

தம்பி: எத்தனை கமர்கட்டு தருவே?