மேற்கே உள்ள நாடுகளுக்குக் ‘கிழக்கு’ என்று பெயர்

ஒரே நாளிதழின் முதல் பக்கத்தில் ‘மேற்கு ஆசியாவில் பதற்றம்’ என்றும், உலகச் செய்திகள் பக்கத்தில் ‘மத்திய கிழக்கு நெருக்கடி’ என்றும் அச்சாகியிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலப்பரப்பையே குறிக்கின்றன. தமிழில் எழுதுவோர் ‘மேற்கு ஆசியா’ என்ற பெயரையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் மற்றப் பெயரின் பிறப்பிலேயே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசியலில், உதுமானியப் பேரரசின் நிலங்கள் ‘அண்மைக் கிழக்கு’ எனவும், சீனமும் ஜப்பானும் ‘தூரக் கிழக்கு’ எனவும் வழங்கப்பட்டன. அண்மையும் தூரமும் ஐரோப்பியத் தலைநகரங்களிலிருந்து அளக்கப்பட்டவை. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு ‘மத்திய கிழக்கு’ என்ற பெயரைப் பரவலாக்கியவர் ஆல்ஃபிரட் தேயர் மஹான் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. லண்டனில் வெளிவந்த ‘நேஷனல் ரிவ்யூ’ இதழில் 1902 செப்டம்பரில் பாரசீக வளைகுடாவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் கவலையெல்லாம், தெற்கு நோக்கி நகரும் ரஷ்யாவிடமிருந்து பிரிட்டனின் இந்தியக் கடல்வழியை எவ்வாறு காப்பது என்பதே. அதே ஆண்டில் ‘தி டைம்ஸ்’ நாளேட்டின் வாலண்டைன் சிரோல் அப்பெயரைத் தொடர் கட்டுரைகளில் எடுத்தாண்டு, 1903-இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். இந்தியாவின் எல்லைவரை நீளும், அல்லது இந்தியாவுக்கு வரும் வழிகளைத் தம் கட்டுக்குள் வைத்திருக்கும் ஆசியப் பகுதிகள் என்பதே அவர் தந்த வரையறை. அங்கு வாழ்ந்த மக்களின் மொழிக்கோ சமயத்துக்கோ வரலாற்றுக்கோ அந்த வரையறையில் இடமில்லை. பிரிட்டனின் உடைமையாக இருந்த இந்தியாவுக்குக் காவல் அரணாக நிற்கும் நிலம் என்பதே அதன் பொருள். அந்த ஆட்சி 1947-இல் முடிந்த பின்னும், அதே இந்தியாவில் இருந்துகொண்டு நாம் அப்பெயரைச் சொல்லி வருவதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது.

முதல் உலகப்போருக்குப் பின் உதுமானியப் பேரரசு கலைந்ததும் பெயரின் எல்லை மேற்கே நகர்ந்தது. 1921-இல் வின்ஸ்டன் சர்ச்சிலின் பொறுப்பிலிருந்த பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகள் துறையில் ‘மத்திய கிழக்கு’ப் பிரிவு அமைக்கப்பட்டு, ஈராக்கும் பாலஸ்தீனமும் அதன் கீழ் வந்தன. 1939-இல் கெய்ரோவில் நிறுவப்பட்ட பிரிட்டிஷ் படைத் தலைமையகமும் அப்பெயரையே சூட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப்போர்ச் செய்திகளின் வழியே அது உலக மொழிகளில் நிலைபெற்றது.

அதன்பின் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வழியில் சென்றது. ஜெர்மானியரும் ரஷ்யரும் இன்றும் ‘அண்மைக் கிழக்கு’ என்கிறார்கள். பிரெஞ்சில் அண்மையும் மத்தியும் இரண்டும் வழங்குகின்றன. சீனச் செய்தியாளர்கள் ‘ஜோங்தோங்’, அதாவது நடுக்கிழக்கு என்று எழுதுகிறார்கள். சீனத்திலிருந்து பார்த்தால் அந்நாடுகள் வெகு தொலைவில் மேற்கே இருக்கின்றன. ஆயினும் சீனச் சமூக அறிவியல் கழகத்தின் ஆய்வு நிறுவனம் தன் பெயரில் ‘மேற்கு ஆசியா’ என்றே வைத்திருக்கிறது.

அந்த மண்ணின் மக்களே அப்பெயரை ஏற்றுக்கொண்டிருக்கும்போது நமக்கென்ன தடை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. அரபியில் ‘அஷ்ஷர்க் அல்-அவ்ஸத்’, பாரசீகத்தில் ‘காவர்-இ-மியானே’, துருக்கியில் ‘ஓர்த்தா தோவு’, எபிரேயத்தில் ‘ஹமிஸ்ராஹ் ஹதிஹோன்’ என எல்லாமே அதே பெயரின் மொழிபெயர்ப்புகள்தாம். ஆனால் அரபியில் அதைவிடப் பழைய திசைப்பெயர்கள் உண்டு. ஞாயிறு எழும் நிலம் ‘மஷ்ரிக்’. அது விழும் நிலம் ‘மக்ரிப்’. மொராக்கோ நாட்டுக்கு அரபியில் இன்றும் மக்ரிப் என்றே பெயர். மக்காவும் மதீனாவும் அமைந்த ஹிஜாஸ் பகுதியில் ஒருவர் கிழக்கு நோக்கி நின்றால், இடக்கைப் புறமாக வடக்கே கிடக்கும் சிரியப் பகுதி ‘ஷாம்’. வலக்கைப் புறமாகத் தெற்கே கிடப்பது ‘யமன்’. ‘தட்சிணம்’ என்ற சொல்லுக்கு வலப்புறம், தெற்கு என்ற இரு பொருளும் உண்டு என்பதை அறிந்த நமக்கு இந்த வழக்கு அந்நியமாகத் தோன்றாது. தாம் நிற்கும் மண்ணிலிருந்து திசையைச் சொன்ன பெயர்கள் அவை.

‘மேற்கு ஆசியா’ குறையற்ற பெயர் என்று நான் வாதிடவில்லை. எகிப்தின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. லிபியாவை எவ்வகையிலும் ஆசியாவில் சேர்க்க இயலாது. இந்திய வெளியுறவு அமைச்சகம் ‘மேற்கு ஆசியா மற்றும் வட ஆப்பிரிக்கா’ என்று ஒரு பிரிவை வைத்திருப்பது இதனால்தான். பெயர் நீளம் என்றாலும் பொருள் தெளிவு. ‘வளைகுடா நாடுகள்’ என்ற வழக்கோ அதனினும் குறுகியது. 1981-இல் உருவான வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகளைக் குறிக்க அது போதுமே தவிர, லெபனானையோ ஜோர்டானையோ அதில் அடக்குவது பிழை.

ஆகவே, செய்தி ஒரு நாட்டைப் பற்றியதெனில் அந்நாட்டின் பெயரையே எழுதலாம். வட்டாரம் முழுவதையும் சொல்ல நேர்ந்தால் ‘மேற்கு ஆசியா’ என்றும், எகிப்தும் அதற்கு மேற்கே உள்ள நாடுகளும் சேரும்போது ‘வட ஆப்பிரிக்கா’வை இணைத்தும் எழுதலாம். மஹானையோ சிரோலையோ அவர்கள் காலத்துப் படைப்பிரிவுகளையோ பற்றிப் பேசும்போது மட்டும் ‘மத்திய கிழக்கு’ என்பதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் முறை. அங்கே அது வரலாற்றுப் பெயர்.