இரண்டு நிமிஷம்தான் சார்!

பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்திவிட்டுத் தட்டுவடை செட் தின்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு நரகம் இருக்கிறதா? இல்லை, அதில் நம்மைத்தான் போட்டு வைத்திருக்கிறார்களா?

நேற்று மாலை, சேலம் ஐந்து ரோடு. பஸ் வந்து நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கார் ஒன்று, இரண்டு பக்கத்து இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த விளக்கை எரியவிட்டால் கிணற்றுக்குள்கூட வண்டியை நிறுத்தலாம் போலிருக்கிறது. கார்க்காரர் தள்ளுவண்டி ஓரமாகத் தட்டுடன் நிற்கிறார். "சார், பஸ் வருகிற நேரம், கொஞ்சம் எடுங்கள்" என்றேன். "இரண்டு நிமிஷம்தான் சார்" என்றார்.

அந்த இரண்டு நிமிஷத்தை நான் முழுசாகப் பார்த்தேன். முதல் செட், அதாவது இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும், உள்ளே போனது. துருவிய பீட்ரூட் சட்டையில் விழுந்தது, நிதானமாகத் தட்டிவிட்டார். பச்சைச் சட்னி போதவில்லையாம், கேட்டு வாங்கினார். பிறகு, தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தருகிற நொறுக்கல் ஒன்று சொன்னார். அது தயாராகும்வரை செல்பேசியில் யாரிடமோ சம்பந்தி வீட்டு விவகாரம் பேசினார். இதற்குள் ரயில்வே ஜங்ஷன் போகிற டவுன் பஸ் வந்தது. உள்ளே ஒதுங்க இடமில்லாமல் நடுரோட்டில் நின்றது. பின்னால் இருந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒரே குரலில் ஹாரன் அடித்தன. மூட்டையோடு ஒரு பாட்டி ஓடினார், நானும் ஓடினேன். பாட்டி ஏறிவிட்டார். படியில் என் கால் பட்டதும் விசில் ஊதியாகிவிட்டது.

திரும்பி வந்து நின்றேன். அந்த மனிதர் விரலை நக்கிக்கொண்டே எனக்கு ஆறுதல் சொன்னார்: "இதற்குத்தான் சார், அகமதாபாத் மாதிரி நம் ஊருக்கும் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை வேண்டும்!"

யார் சொல்வது பாருங்கள்!

தனிப் பாதை என்றால் ரோட்டில் பெயிண்ட் அடித்துக் கோடு போடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பிரேசிலின் குரிடிபா நகரில், ஜெய்மி லெர்னர் மேயராக இருந்தபோது, 1974 இலேயே பஸ்ஸுக்கென்று தடம் ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தடத்தில் யாரும் தட்டுவடை தின்ன இறங்குவதில்லை. பிற்பாடு கண்ணாடிக் குழாய் வடிவில் நிறுத்தங்கள் கட்டினார்கள். டிக்கெட் காசை நிறுத்தத்துக்குள் நுழையும்போதே கொடுத்துவிட வேண்டும். நிறுத்தத்தின் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம். அகமதாபாத்தில் 2009 இல் ஓடத் தொடங்கிய ஜன்மார்க் என்கிற தனிப் பாதை பஸ்ஸிலும் இதே ஏற்பாடுதான். பஸ் பறப்பதைவிட, வீணாக நிற்பது குறைகிறதே, அதில்தான் நேரம் மிச்சம்.

நம் ஊரிலோ நிற்பதுதான் பயணமே. அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். கட்டணம் மாறுகிற ஸ்டேஜ் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தாக வேண்டுமே, அதனால் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்கள். கண்டக்டர் அந்த நெரிசலில் பின்படியிலிருந்து நீந்தி வருகிறார். ஒருவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். பிறகு நடந்த சண்டையை எழுதினால் இந்தப் பதிவு முடியாது. தலைக்கு மேலே, 2020 இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தில் கார்கள் சுகமாகப் போய்க்கொண்டிருந்தன.

சரி, பாதை போட்டே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். டில்லியில் 2008 இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் போட்டார்கள். பக்கத்துத் தடத்தில் பஸ் கூட்டம் விரைய, காரில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர் சிக்னலில் காத்திருக்க வேண்டும். பொறுப்பார்களா? வழக்கு வந்தது. 2012 இல் உயர் நீதிமன்றமே பஸ் பாதை இருக்கட்டும் என்றது. ஆனாலும் 2016 இல் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இங்கே வந்தால் முதல் மனு யார் பெயரில் போகும் என்று எனக்குத் தெரியும். மனுவில் சட்னிக் கறை இருக்கும்.

சிரிப்புதான் வருகிறது. இரும்புத் தடுப்பு வைத்தாலும் நகர்த்திவிட்டுக் காரை நுழைக்கிற இதே ஜனம், பஸ் ஜன்னல் வழியாகப் போட்ட கைக்குட்டையை மட்டும் தொடாது! பேசாமல் ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் வரை கைக்குட்டை விரித்துவிடலாம். அந்தக் கைக்குட்டைக்காரர்களைப் பற்றியும் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஒரே ஆள், ஒரே கைக்குட்டை, மூன்று பேர் சீட்டு. "ஆள் வருகிறது" என்பார். எந்த ஆள் ஐயா? பஸ் கிளம்பி நாலு ரோடே தாண்டிவிட்டது!