பூவரசு குப்பை போடுதாம்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் பார்த்திருப்பீர்கள். தெரியாதவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸில் கேட்காதீர்கள், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எங்கள் கடலோர நகரின் முனையில் நின்ற பூவரச மரத்தைக் குடியிருப்போர் சங்கத்தார் அடியோடு எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. மழைக்கு முன்னால் கிளையைக் கழிக்க வேண்டும், மரத்தை இல்லை. ஆவணி பிறந்ததிலிருந்து நகர் வாட்ஸப் குரூப்பில் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். கரண்டு கம்பிப் பக்கம் போகிற கிளைகளை எடுங்கள், தலைப்பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள், காற்று ஊடே போய்விடும், புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி அடைமழைக்குப் பயமில்லை என்று. பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை வந்தது. ஞாயிறு காலையில் ஜேசிபி வந்தது.

"விழுந்து கார் நசுங்கினால் நீங்களா காசு தருவீர்கள்?" என்று ஒரு சார் கேட்டார். நியாயமான கேள்விதான் சார். அதனால்தானே கழிக்கச் சொன்னேன்? மரம் ஏறுகிற ஆள் ஒருவர், ஒரு அரிவாள், ஒரு கயிறு, அரை நாள் கூலி. ஜேசிபி வாடகையை விட அது அதிகமா என்ன?

"இலை கொட்டிக் குப்பையாகிறது" என்பது அடுத்தது. மரம் இலையைக் கொட்டாமல் பிளாஸ்டிக்கையா கொட்டும்? அந்த இலையைக் கூட்டி அள்ளித் தென்னைப் பாத்தியில் போட்டால் மணல் காயாது. எங்கள் வீட்டில் தேங்காய் மட்டையையே வெளியே போடுவதில்லை. தூரைச் சுற்றிக் குழி வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணைத் தள்ளிவிடுவோம். பெய்கிற தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். "பாம்பு வரும்" என்றார் இன்னொருவர். அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

மரத்தை எடுத்த இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். பேவர் பிளாக். சுவரிலிருந்து சுவர் வரை, ஒரு விரல் நுழைய மண் இல்லை. ஓரமாகக் கொரியன் புல், கூடவே வரிசையாகக் கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு அலங்கார மரம். இந்தக் கோனோகார்பஸை நடக்கூடாது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசே தடை போட்டிருக்கிறது. நர்சரிக்காரர் சொல்லவில்லையாம். புல்லுக்கு ஊற்றுவது எந்தத் தண்ணீர்? திருச்சிப் பக்கமிருந்து இத்தனை மாவட்டம் தாண்டிக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர். நமக்குக் குடிக்க வருகிற தண்ணீர்.

இந்தக் கடற்கரையில் நல்ல தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரியாமல்தான் இத்தனையும் நடக்கிறது. மழை மணலில் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே பாலில் ஆடை மாதிரி நிற்கிறது. அதைத்தான் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்து குடத்தில் ஊற்றினார்கள் நம் அம்மாக்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அந்தக் கனத்தில் உப்பு சுமார் 40 அடி கீழே தள்ளி நிற்கும். அந்த 1 அடி குறைந்தால் அத்தனையும் மேலே ஏறி வரும். வருஷ மழையில் பாதிக்கு மேல் நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். அந்த மூன்று மாதமும் மண்ணுக்குக் கல்லால் மூடி போட்டு, தண்ணீரை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, சித்திரையில் "போர் உப்படிக்கிறது, ஆர்ஓ மிஷின் எது நல்லது" என்று அதே குரூப்பில் கேட்பார்கள். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003இலிருந்து சட்டம் இருக்கிறது. தொட்டி இருக்கிறது சார், பிளான் அப்ரூவல் பேப்பரில்.

எங்கள் அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. புரட்டாசி வந்தால் அதற்குக் கை சும்மா இருக்காது. பனையில் காய்ந்த ஓலையை இறக்கி வேலி கட்டும். தென்னையில் காய்ந்த மட்டை, பாளை எல்லாம் இறங்கிவிட வேண்டும். முருங்கையை இடுப்பளவு விட்டு வெட்டிவிடும், எப்படியும் காற்றுக்கு முறியப்போகிற மரம், தை மாதம் தானாகத் துளிர்த்துக்கொள்ளும் என்று. பூவரசைத் தொடும்போது மட்டும் மரம் ஏறுகிற அண்ணனிடம் கீழேயிருந்து அதட்டிக்கொண்டே நிற்கும். "ஏப்பா, அந்தக் கெளைய விடு, அது நெழலுக்கு." 1964 டிசம்பர்ப் புயலில் ஓட்டுக்கூரை பறந்ததையும் கொல்லைப் பனைகள் அப்படியே நின்றதையும் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தது. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருக்கும், வாட வாடச் செந்நிறமாகும். அதை வைத்து நேரம் கணக்குப் பண்ணிப் பள்ளிக்கூடம் விட்டு வருவோம். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாமல் யாராவது இந்தக் கரையில் வளர்ந்திருக்கிறீர்களா?

நான் வளர்ந்தது ஊரின் பழைய தெருவில். அதனால் இதைச் சொன்னால் "பழைய தெரு ஆட்களுக்கு எப்பவும் சென்டிமென்ட்" என்று எழுதுகிறார்கள். அப்புறம் "உங்கள் தெருவிலும்தான் முற்றத்துக்குச் சிமெண்டு போட்டாச்சு" என்று ஒரு போட்டோ. அது வேறு கதை. அந்த வீட்டில் வயதானவர் வழுக்கி விழுந்த பிறகு போட்டது, கிணற்றடி இன்னும் மண்தான். நகர் முழுக்க மூடுவதும் அதுவும் ஒன்றா?

இந்த நகரே முன்பு பனங்காடு. வெட்டி மனை போட்டார்கள். இப்போது நுழைவாயிலில் இரண்டு அலங்காரப் பனை, நர்சரியில் காசு கொடுத்து வாங்கியது, சீரியல் பல்ப் சுற்றி நிற்கிறது. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பூவரசுக்கு யார் இருக்கிறார்கள்?

வெளிநாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்து வீடு கட்டியவர்கள், வாசல் சுத்தமாக இருக்க ஆசைப்படக்கூடாதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தான். தாராளமாக ஆசைப்படுப்பா. வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாததா? அங்கே நிழல் தேடி அலைந்தவர்கள் இங்கே வந்து நிழலை வெட்டுவதுதான் எனக்குப் புரியவில்லை. நானும் அதே நகரில்தான் வீடு கட்டி இருக்கிறேன், மாதா மாதம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறேன். என்னைக் கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை "ஏன் சார் இப்படி" என்று ஒரு வரி போட்டதற்குக் குரூப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மரத்துக்காவது ஜேசிபி வந்தது, எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்திருக்கிறது.

கழிக்க இன்னும் நாள் இருக்கிறது. வேம்பு, புங்கை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஆள் பாருங்கள். பேவர் பிளாக் போட்டவர்கள் மதில் ஓரமாக இரண்டு வரிசையையாவது பெயர்த்து மண்ணை விடுங்கள். சங்கத்தின் சார்பாகக் கமெண்டில் சண்டைக்கு வருபவர்கள், முதலில் உங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு வரவும். ஆர்ஓவில் பிடித்தது செல்லாது.